வெள்ளிமலைக்கு ஒரு கேன் நீலம்

காலை 6.10. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு வெளியே ஜெபராஜின் மினி வேன் எனக்காக நின்றது. வெள்ளிமலை போய்வர 2,800 ரூபாய் பேசியிருந்தோம். களமருதூர்க்காரர். பதினைந்து வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, மூன்று மாதத்துக்கு முன்புதான் இதைச் சொந்தமாக வாங்கியிருக்கிறார். கண்ணாடியில் மாதா படம் இருந்தது. இருக்கையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை.

என் விரல்களைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, நகமெல்லாம் நீலமா கீது? அடிபட்டுச்சா?" என்றார்.

"சாயம் போடறவ கை இப்படித்தாங்க இருக்கும். ஒண்ணும் பண்ணாது" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

எலவனாசூர்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சாயப் பட்டறை இருக்கிறது. அவுரி இலையிலிருந்து எடுக்கும் நீலம்தான் என் தொழில். இதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று தைரியமாகச் சொல்வேன். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் மல்லிகா என்ற பெண்ணும் அவள் தோழிகளும் என்னிடம் தொழில் கற்றுக்கொண்டு போய்ச் சாயத் தொட்டி போட்டார்கள். மலைக்குளிரில் இரண்டு முறை கெட்டுவிட்டது. அதனால் என் தொட்டியில் உயிரோடு இருக்கும் சாயத்தையே இருபது லிட்டர் கேனில் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பாலுக்கு உறைமோர் மாதிரி, புதுத் தொட்டிக்கு இது. கூடவே பதினைந்து கிலோ வெல்லம், ஐந்து கிலோ சுண்ணாம்பு.

வெல்லம் எதற்கு என்று கேட்பீர்கள். நீலக்கட்டி வெறும் தண்ணீரில் கரையாது. வெல்லமும் சுண்ணாம்பும் சேர்த்துக் காற்றுப் படாமல் மூடிவைத்தால், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் வெல்லத்தைத் தின்று நீலத்தின் குணத்தையே மாற்றிவிடும். அது மஞ்சள் கலந்த பச்சையாகிக் கரையும். அதில் துணியை முக்கி வெளியே எடுத்தால் காற்றுப் பட்டு மறுபடியும் நீலமாகும். ஆனால் இந்த முறை நூலுக்குள் மாட்டிக்கொண்டு ஆகும், துவைத்தாலும் போகாது. இருபது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

7.05. கச்சிராயபாளையத்தில் டீ, பதினைந்து ரூபாய். கோமுகி அணையைத் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. ஜெபராஜ் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டு முணுமுணுத்தார்.

7.40. மலை ஏறும் இடத்தில் போலீஸ் நிறுத்தினார்கள். ஒரு பெண் உதவி ஆய்வாளர், இரண்டு காவலர்கள். ஒருவர் பின்கதவைத் திறந்து, கேனின் மூடியைத் திருகினார். நாற்றம் குப்பென்று அடித்தது. மேலே நுரை, பக்கத்தில் வெல்ல மூட்டை.

"மேடம், ஊறலுங்க!" என்றார் அவர்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கருணாபுரத்தில் அத்தனை பேரைக் கள்ளச்சாராயம் கொண்டுபோன மாவட்டம் இது. சாராய ஊறலுக்கு வெல்லம்தான் முதல். அதை மூட்டையாக மலைக்கு ஏற்றினால் என்ன நினைப்பார்கள் என்று, இவ்வளவு தெரிந்த எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள்மேல் தப்பே கிடையாது. "சாயங்க மேடம்" என்றேன்.

"சாயமா? சாயம்னா கலரா இல்ல இருக்கணும்? இது மஞ்சளா நுரைச்சிக்கினு இருக்குது" என்றார் உதவி ஆய்வாளர். "கீழ ஊத்துங்க. வண்டிய ஸ்டேஷனுக்கு எடுத்துக்கினு வாங்க."

ஜெபராஜ் இறங்கி ஓடிவந்தார். "மேடம், மூணு மாசந்தாங்க ஆவுது. இத வுட்டா எனக்கு வேற இல்லீங்க" என்றார்.

நான் நுண்ணுயிர், காற்று, சுண்ணாம்பு என்று வேகவேகமாக விளக்கினேன். என் பேச்சு எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. மாட்டிக்கொண்டவள் எவளும் இப்படித்தான் பேசுவாள். காவலர் கேனைச் சாய்க்கப் போனார். துப்பட்டாவை முக்கிக் காட்டலாம் என்று நான் தோளிலிருந்து இழுப்பதற்குள், ஜெபராஜ் குறுக்கே போய், கேனுக்குள் வலது கையை மணிக்கட்டுவரை விட்டுவிட்டார்.

வெளியே வந்த கை பச்சையாகச் சொட்டியது.

"பொறுங்க, ஒரு நிமிஷம்" என்றேன்.

எல்லோரும் அந்தக் கையையே பார்த்தோம். விரல் நுனியில் முதலில் மாறியது. பிறகு முட்டிகள், பிறகு புறங்கை. பச்சை மெல்ல மங்கி, எல்லோர் கண்ணெதிரிலும் நீலமானது. ஊற்ற வந்த காவலர், "இன்னாடா இது!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

உதவி ஆய்வாளர் தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஒரு முனையை முக்கினார். அதுவும் பச்சையாகி, நீலமானது. என் பட்டறை விலாசத்தை எழுதிக்கொண்டு, "அடுத்த தபா வெல்லம் ஏத்தும்போது முன்னாடியே சொல்லிட்டு வாங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். கேனை நானே மூடி, ஜெபராஜின் கையில் தண்ணீரை ஊற்றி நன்றாகக் கழுவிவிட்டேன். சுண்ணாம்பு தோலில் தங்கக் கூடாது. நீலம் மட்டும் போகவில்லை.

9.15. வெள்ளிமலை. கேனைத் திறந்து திறந்து பார்த்ததில் சாயம் கொஞ்சம் சோர்ந்திருந்தது. வெந்நீரில் வெல்லத்தைக் கரைத்து ஊற்றி, புதுத் தொட்டியைச் சுற்றிச் சாக்கைக் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். மதியம் மேலே செம்பு நிறத்தில் ஏடு படர்ந்தது; சாயம் உயிர்பிடித்துவிட்டது. மல்லிகா முக்கியெடுத்த முதல் துணி நீலமானதும் அவள் என் தோளில் ஓர் அடி அடித்தாள். எனக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிவிட்டேன்.

மாலை 3.40. திரும்பும்போது வண்டியில் மலையில் வாங்கிய நான்கு மூட்டை கடுக்காய். துணியில் சாயம் இன்னும் அழுத்தமாகப் பிடிக்க அதுவும் உதவும். ஊறலுக்கும் கடுக்காய் போடுவார்கள் என்று மல்லிகா சொல்லியிருந்தாள். அதே இடத்தில் வேறு காவலர் நிறுத்தினார். நான் விளக்கத்துக்குத் தொண்டையைச் செருமினேன். ஜெபராஜ் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"ஓ, நீலக்கை வண்டியா? மேடம் சொல்லிட்டுத்தான் போனாங்க." மூட்டைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்.

கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது ஜெபராஜிடம் மன்னிப்புக் கேட்டேன். எலுமிச்சம்பழம் தேய்த்தால் சாயம் சீக்கிரம் போகும் என்றேன்.

"இருக்கட்டுங்க. ஞாயித்துக்கெழம கோயில்ல கேப்பாங்க, சொல்றதுக்கு ஆவும்."

"எரியுமா, புண்ணாவுமான்னு கேக்காமயே கைய வுட்டீங்களே?"

"காலையில நீங்கதானங்க சொன்னீங்க, ஒண்ணும் பண்ணாதுன்னு" என்றார்.

விளக்கம் சொல்லியே பழகியவள் நான். அன்று நான் சொன்னதில் நின்றது, பெருமைக்காகச் சொன்ன அந்த ஒரு வரிதான். அதை நம்பி ஒருவர் கையை விட்டிருக்கிறார்.