தபால் ஆபீஸ் மூலை வரைக்கும்

இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்ப்பவருக்கு ஒரே ஒரு மனக்குறைதான். மாட்டிக்கொண்டவர்களை எவ்வளவு பாடுபட்டு வெளியே எடுத்தாலும், கதவு திறந்த மறுகணம் தலைதெறிக்க ஓடுகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னா வாய்ல இருக்கற முத்து உதிர்ந்துருமா?" என்று வீட்டில் வந்து புலம்புவார்.

"கதவைத் தொறந்ததுக்கு மேளதாளம் வேணுமாக்கும்!" என்பாள் மனைவி.

இத்தனைக்கும் அவர் வெறுமனே கதவு திறப்பவர் இல்லை. மொட்டைமாடி மெஷின் அறையில் கூட்டாளி லிஃப்டை நகர்த்தும் வரை, இவர் மூடிய கதவோரம் வாய்வைத்துப் பேசிக்கொண்டிருப்பார். "சின்ன வயசுல உங்க வீட்டுலேருந்து பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவீங்க? எனக்கு வழி சொல்லுங்க, பார்ப்போம்." எந்தக் கடை, எந்தத் திருப்பம், நாய் உண்டா என்று துருவித் துருவிக் கேட்பார். உள்ளே இருப்பவர் பயத்தை மறந்து அந்தத் தெருவில் நடந்துகொண்டிருப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் மாட்டிக்கொண்ட ஐந்தாம் மாடி டீச்சர் அப்படித்தான் வழி சொல்லிக்கொண்டே தபால் ஆபீஸ் மூலை வரை வந்தார். கதவு திறந்தது. அம்மணி பிடித்தார் ஓட்டம்! அதை இவர் இன்றுவரை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

அதே கட்டடத்தில் போன வாரம் ஒருநாள் தனியாகப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள். மகளுக்கு வலி கண்டுவிட்டது. தலைச்சன் பிரசவம். "அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. சீக்கிரம் வாங்க."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லிஃப்டின் மின்சாரப் பெட்டிக்குள் ஒரு ஸ்க்ரூவை முறுக்காமலே மூடினார். போனைப் பையில் போட்டார், பையை மொட்டைமாடியிலேயே மறந்தார். லிஃப்டில் ஏறினார். நாலாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே அது நின்றுவிட்டது.

ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவருக்கு உள்ளங்கை வேர்த்தது. மகள் அங்கே துடிக்க, அப்பன் இங்கே அந்தரத்தில். மணியை விடாமல் அழுத்தினார்.

"யாரு உள்ளே?" மணிச் சத்தம் கேட்டு இறங்கிவந்த ஐந்தாம் மாடி டீச்சரின் குரல்.

விஷயத்தைச் சொன்னார். டீச்சர் கம்பெனிக்குப் போன் போட்டார். கூட்டாளி வந்துசேர அரைமணி ஆகும். பிறகு கதவருகே நாற்காலி இழுக்கிற சத்தம்.

"சரி, மெக்கானிக் சார். சின்ன வயசுல உங்க வீட்டுலேருந்து பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவீங்க?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் கேள்வியை இத்தனை வருஷத்தில் தன்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

"வாசல்ல இறங்கி... நேரா போனா மாவு மில்லு."

"மில்லுல என்ன சத்தம் கேக்கும்? நாய் உண்டா?"

ஒரு கேள்வி விடாமல் ஞாபகம் வைத்திருந்தார் மனுஷி. மெக்கானிக் நடந்தார். மில்லைத் தாண்டினார், சைக்கிள் கடையைத் தாண்டினார், பாலத்தில் ஏறினார். பாலத்தின் நடுவில் இருந்தபோது லிஃப்ட் அசைந்தது, கதவு திறந்தது.

பிடித்தார் பாருங்கள் ஓட்டம்! ஆஸ்பத்திரியில் போய்த்தான் நின்றார். மகள் கையைப் பிடித்துக்கொள்ளக் கால்மணி நேரம் கிடைத்தது. அப்புறம் பேத்தி பிறந்தாள். கத்திய கத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. தாத்தா சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார்.

சட்டென்று தலையில் கைவைத்தார். "அய்யய்யோ! டீச்சருக்கு ஒரு வார்த்தை சொல்லாம ஓடிவந்துட்டேனே!"

மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முத்து உதிர்ந்துருமேன்னு பயந்துட்டீங்களோ?"

மறுநாள் காலை இனிப்புப் பெட்டியோடு ஐந்தாம் மாடி மணியை அடித்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நன்றி, கதவு திறந்ததும் மறந்தே போயிற்று. சொல்லாமல் ஓடிய இரண்டு வருஷ நன்றிக்கடன் டீச்சர் கண்ணிலும் ததும்பியது.

மெக்கானிக் பெட்டியை நீட்டினார்.

"பேத்தி பொறந்திருக்கா, டீச்சர். அன்னைக்கு உங்களைத் தபால் ஆபீஸ் மூலையில விட்டேன். அங்கேருந்து எந்தப் பக்கம் திரும்பணும்?"

"வலது பக்கம்," என்றார் டீச்சர், கதவை அகலத் திறந்து. "உள்ளே வாங்க. நீங்களும் இன்னும் பாலத்துலதானே நிக்கறீங்க?"