அனுசுயாவின் மூக்கு

இது நடந்த கதை. ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. திருத்தணி பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் அந்த முனையில் மெக்கானிக் அதாவுல்லா, இந்த முனையில் பூ விற்கிற ஞானம்மாள், இரண்டு பேரையும் சாட்சி வைத்துத்தான் சொல்கிறேன். சரி, சரி, ஞானம்மாள் இப்போதே முறைக்கிறாள். வெயிலையும் கூட்டத்தையும் கொஞ்சம் இழுத்து நீட்டுவேன்தான். சர்க்கரை போடாத டீயை யார் குடிப்பார்கள்? ஆனால் அந்த மூக்கு விஷயத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை.

பஞ்சாட்சரம், அரக்கோணம் ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியில் ஓவியமும் டிசைனும் சொல்லித்தருகிறவர். வகுப்பு மொட்டை மாடியில், தகரக் கூரைக்கு அடியில். சித்திரை மாதத்தில் ஒரு கோழி அங்கே போய் முட்டையிட்டால் ஆம்லெட்டாகத்தான் விழும்.

முகம் வரையப் பழக, எதிரே ஒரு ஆள் அசையாமல் உட்கார வேண்டும். யார் வருவார்கள்? மொட்டை அடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிற பக்தர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். மண்டையின் உருட்சி பழக மொட்டையைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் தலையில் சந்தனம் காய்வதற்குள் அவர்களுக்கு பஸ் வந்துவிடும். பிள்ளைகள் பாதி மண்டையோடு நின்றுவிடுவார்கள். கடைசியில் வீட்டிலிருந்தே ஆளைக் கூட்டிவந்தார். மனைவி அனுசுயா. நகரிப் பக்கத்துப் பெண், மாமன் மகள். அந்தப் பக்கத்துத் தெலுங்கில் அத்தானுக்குப் பாவா, அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

போட்டோ என்றால் அனுசுயாவுக்கு ஆகாது. யாராவது ஃபோனைத் தூக்கினாலே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆதார் கார்டு ஆகிவிடுவாள். கல்யாண ஆல்பம் முழுக்க ஆதார் கார்டுதான், பக்கத்தில் மாலையோடு பஞ்சாட்சரம். அந்த வகுப்பு நாற்காலியில் மட்டும் வேறு மாதிரி. அரை மணி நேரம் போனதும், கரிக்குச்சிகள் தாளில் உரசுகிற சத்தத்தில் அவள் மனசு எங்கேயோ போய்விடும். முகம் தானாக அவிழ்ந்துகொள்ளும்.

“பாவா, மூக்கு அரிக்குது. சொறிஞ்சிக்கட்டா?”

“மாடல் பேசக் கூடாது.”

“மாடல் எங்க பேசுச்சி? மூக்குதான் பேசுது.”

பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பில் தகரக் கூரை திருவாலங்காடு வரைக்கும் பறந்து போய்த் திரும்பி வரும். பஞ்சாட்சரம் மட்டும் சிரிக்க மாட்டார். பலகைக்குப் பலகை நடந்து, தாளுக்குத் தாள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கரிக்குச்சியில் வரைந்ததை, மணி அடித்ததும் துணியால் தட்டி அழித்துவிட வேண்டும். கரி உதிர்ந்துவிடும். மறுநாள் அதே தாளில் இன்னொரு படம்.

“படத்து மேல ஆச வெக்காதீங்க. கை கத்துகிச்சில்ல, அது போதும்” என்பார்.

ஒருநாள் ஆர்.கே.பேட்டை ஸ்னேகா மாட்டிக்கொண்டாள்.

“இன்னாம்மா இது? மூக்கா, முருங்கக்காயா?”

அனுசுயா நாற்காலியை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். “உடு பாவா. எனக்கு இந்த மூக்கு புடிச்சிகீது. ஊட்டுக்கு எட்துகினு போலாமா?”

“சட்டம்னா எல்லாத்துக்கும்தான். அழிம்மா.”

ஸ்னேகா துணியை எடுத்தாள். அவர் அடுத்த பலகைக்கு நகர்ந்துவிட்டார்.

போன ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தாள் அனுசுயா. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பவில்லை.

பதினாறாம் நாளுக்குத் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க வேண்டும். சொந்தக்காரர்கள் போட்டோ கேட்டார்கள். பஞ்சாட்சரம் ஃபோனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

“இது அவ இல்ல. இதுவும் அவ இல்ல.”

அவளுடைய அந்த நாற்காலி முகம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. நாமே வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தார். காது போட்டார். அது ராம் என்கிற பையன் எப்போதும் ஒரு விரல் கீழே இறக்கிப் போடுகிற காது. தாடை போட்டார். அது சுதா அகலமாக்கிவிடுகிற தாடை. அனுசுயா முகத்தில் யார் யார் என்னென்ன தப்பு செய்தார்கள் என்பது அத்தனையும் அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அனுசுயா தெரியவில்லை. இத்தனை வருஷமும் தாள்களைத்தான் பார்த்திருக்கிறார். நாற்காலியைப் பார்க்கவில்லை.

கடைசியில் ஆதார் போட்டோவை எடுத்துக்கொண்டு அரக்கோணத்தில் ஒரு பேனர் கடைக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள், படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்த ஸ்னேகா. போட்டோவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“சார், நீங்க ஊட்டுக்குப் போங்க. நானே வரேன்.”

சாயங்காலம் புடவைக் கவரில் வைத்து ஒரு தாளைக் கொண்டுவந்தாள்.

“திட்டாதீங்க சார். அன்னிக்கி வேற தாளத்தான் தட்டிக் காமிச்சேன்.”

பஞ்சாட்சரம் தாளை மடியில் வைத்துக்கொண்டார். பாதி மூடின கண். ஏதோ சொல்ல வந்து நின்றுபோன உதடு. அனுசுயாவேதான். அவள் போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. “பாரும்மா, பேச வரா” என்றார்.

அப்புறம் அவர் கண் மூக்குக்கு வந்தது. எத்தனை வருஷப் பழக்கம்! அவர் நினைப்பதற்கு முன்னால் கட்டைவிரல் போய்விட்டது. ஒரே இழுப்பு. கரிதானே, உதிர்ந்துவிட்டது.

“சார்!” என்று கத்தினாள் ஸ்னேகா.

அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுசுயாவின் மூக்கு அங்கே கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் சட்டைப் பையிலிருந்து கரிக்குச்சியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“நீ போட்டதுதானம்மா. அதே தப்போட போட்டுடு.”

ஸ்னேகா வாங்கினாள். தாள் வரைக்கும் கையைக் கொண்டுபோனாள், எடுத்தாள், மறுபடியும் கொண்டுபோனாள்.

“வரல சார். அந்தத் தப்ப நீங்க திருத்திட்டீங்க. இப்ப எனக்கு எல்லார் மூக்கும் சரியா வருது. அனுசுயா அம்மா மூக்குதான் வரல.”

பதினாறாம் நாள் தெருமுனையில் ஆதார் கார்டுதான் நின்றது. மூக்கில்லாத அந்தப் படம் அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. கட்டைவிரலை அவர் ரெண்டு நாள் தண்ணியில் நனைக்கவில்லை என்று சொல்வார்கள்.

“நிறுத்துப்பா” என்கிறான் அதாவுல்லா. “கட்டிகினு வாழ்ந்தவனுக்குப் பொண்டாட்டி மூக்கு தெரியாதாமா? நல்லா உடுற ரீலு.”

“உனுக்குத் தெரியுமா?” என்கிறாள் ஞானம்மாள்.

“எது?”

“உன் ஊட்டுக்காரி பேகத்து மூக்கு. சொல்லு பாப்போம்.”

“ஏன் தெரியாது? அது... நேரா இருக்கும். மூக்கு மாரி.”

“மச்சம் எந்தப் பக்கம்?”

“மச்சமா? அவுளுக்கு ஏது மச்சம்?”

“டெய்லி எங்கிட்ட பூ வாங்குது, எனக்குத் தெரியாதா?”

“இல்லவே இல்ல! சும்மா அளக்காத!”

“எடது பக்கம்பா” என்கிறார் டீ ஆத்துகிற பிரேம்குமார், தலையைத் தூக்காமலே.

“யோவ்! எம் பொண்டாட்டி மூக்க நீ ஏன்யா பாத்த?”

அவன் எழுந்த வேகத்தில் பெஞ்சு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்கிறது. ஞானம்மாள் கூடையோடு சரிகிறாள். மல்லிப்பூ ரோட்டில். “ஏண்டா, கண்ணு தெரியாதவனே!” என்று அவள் எழுந்து கொண்டை போடுவதற்குள், கடைக்குள்ளிருந்து இன்னொரு ஆள் மச்சம் வலது பக்கம் என்கிறான்.