மஞ்சள் தண்ணீர் போன வழி

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று திருச்சியில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டிகள் எனக்குச் சொந்தமாக மூன்று ஓடுகின்றன. பாறைக்குள் தண்ணீர் போகும் விஷயத்தில் என்னோடு வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. ஆனாலும் போன கோடையில் திருவெறும்பூரில் பார்த்ததை நினைத்தால் எனக்கே கொஞ்சம் பேச்சு அடங்கிப் போகிறது.

அந்த வீட்டம்மாள் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். அங்கே ஆற்று மணல், தோண்டினால் ஊறும். கணவர் ஃபேக்டரியில் உழைத்துக் கட்டிய இந்த வீடோ கெட்டிப் பாறை மேல் நிற்கிறது. கணவரும் போய்விட்டார், போரும் வற்றிவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு வரச்சொல்லி மகன் நெருக்கினான். அவருக்கு மனமில்லை. கடைசி முயற்சியாக என்னைக் கூப்பிட்டார்.

நான் டேங்கர் தண்ணீரோடு போய் இறங்கினேன்.

"தண்ணி இல்லேன்னு கூப்பிட்டா, நீங்க தண்ணிய உள்ள ஊத்துறேங்கறீங்களே!"

"ஊத்தலம்மா, அமுக்கப் போறேன். பாறையில இருக்கற வெடிப்பு மூடிக் கிடக்கு. குழிய ரப்பரால அடைச்சு பிரஷர் குடுத்தா வாயத் தொறக்கும்."

"அப்ப மங்களமா போகட்டும்" என்று ஒரு அண்டா மஞ்சளைக் கரைத்து டேங்கரில் ஊற்றச் சொன்னார். ஊற்றினோம்.

பம்பை ஓட்டினேன். பிரஷர் மீட்டர் முள் ஏறியது, ஏறியது, சட்டென்று விழுந்தது. "ஐயோ, எல்லாம் வீணாப் போச்சா?" என்று பதறினார். எனக்குச் சிரிப்பு வந்தது. முள் விழுந்தால் பாறை விட்டுக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

பிரஷரை எடுத்ததும் வெடிப்பு மறுபடி மூடத்தான் பார்க்கும். ஆனால் உடைந்த ஓட்டின் இரண்டு துண்டுகளை நூலளவு தள்ளி வைத்துப் பாருங்கள், பழையபடி பொருந்தாது. மேடும் மேடும் முட்டி, நடுவே சந்து நிற்கும். பாறையும் அப்படித்தான். கல் அசையாது என்கிறோம். தண்ணீர் தள்ளினால் அதுவும் நகர்ந்து கொடுக்கிறது.

அதற்குள் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் வாளியோடு வந்தார். "என் போர்ல மஞ்சத் தண்ணி வருது! இந்த வயசுல எனக்கு நலங்கு வைக்கிறீங்களாம்மா?"

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. திறந்த வெடிப்பு அவர் போர் வரைக்கும் ஓடி இரண்டையும் இணைத்துவிட்டிருந்தது. அவரும் கேலியை நிறுத்திக்கொண்டார். "அப்ப என் தண்ணி இவங்களுக்குப் போயிடுமா?"

வெடிப்பைத் திறக்க என்னால் முடியும். அது எந்தப் பக்கம் ஓடும் என்பது என் கையில் இல்லை. இரண்டு வீட்டு மோட்டாரையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்தோம். இரண்டும் காற்றைத்தான் இழுத்தன. ஒன்றை நிறுத்தினால் மற்றதில் குழாய் நிறையத் தண்ணீர்.

வாத்தியார் தரையைப் பார்த்தபடி, "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகணும். காலையில எனக்கு வேணும்" என்றார்.

"தினமுமே காலையில நீங்க போட்டுக்கோங்க சார். சாயந்திரம் நான் போட்டுக்கறேன்."

பிறகு அந்தம்மாள் மகனுக்குப் போன் போட்டார். "தண்ணி வந்துடுச்சுடா. நான் இங்கயே இருந்துக்கறேன்." மகன் என்னவோ கேட்டான் போலிருக்கிறது. "முழுசா இல்ல, பாதி நாளைக்குத்தான். எனக்கு அது போதும்" என்று வைத்துவிட்டார்.