நசுங்கிய தகரம்

என் வீட்டு அடுப்படியில் கரி போட்டு வைத்திருக்கும் மண்ணெண்ணெய்த் தகரம் ஒரு பக்கம் உள்வாங்கி நசுங்கியிருக்கிறது. அது என் அக்காள் புருஷனுடையது.

பேரையூர்ப் பக்கம் கிணறு வெட்டும் காண்ட்ராக்டர் அவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அக்காளே கேலி செய்வாள். மேஸ்திரியிடம் கூலிக்கு இருந்தவரை தலையாட்டியே காலம் ஓடிற்று. தனியாகத் தொழில் செய்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை என்று நினைத்தாராம், பாவம்! ஊரோடு பேச வேண்டும், ஆட்களை அதட்ட வேண்டும். போதாததற்கு, பாறைக்கு வெடி வைக்கும்போது மேட்டில் நின்று, "வெடியோய்!" என்று மும்முறை கத்த வேண்டும். அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எனக்கோ வாய் காது வரை. அதனால் என்னைக் கூட வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் கள்ளுக் குடிக்கப் போன நான் நேரத்துக்குத் திரும்பவில்லை. பாறைக் குழியில் வெடிமருந்தைக் கெட்டித்தாகிவிட்டது, ஊற்றுநீர் ஏறினால் நனைந்துவிடும். அவர் ஆட்களைத் தூர அனுப்பிவிட்டு, கத்துவதற்குப் பதில் இந்தத் தகரத்தைத் தட்டியிருக்கிறார். சோளம் பால்பிடித்திருந்த சமயம். காடு முழுக்கக் குருவி விரட்டத் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். நிலத்துக்காரரின் தம்பி இதையும் குருவித் தகரம் என்று எண்ணி வரப்பில் நடந்து வந்துவிட்டார். பறந்த கல் அவர் முழங்காலைச் சிதறடித்தது. நான் வந்தபோது கட்டிலில் தூக்கிப் போனார்கள். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

கம்போடு கூட்டம் சூழ்ந்தது. "ஏண்டா கத்தல?" என்று அக்காள் புருஷனைக் கேட்டார்கள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒருவன் என் சட்டையைப் பிடித்தான்.

"கத்துறவன் இவன்தாண்ணே! கள்ளு நாத்தத்தப் பாரு!"

கம்பு ஓங்கியது. அப்போதுதான் அந்த மனிதரின் குரலை முழுதாகக் கேட்டேன்.

"என் மாப்ளய விடுங்க! காண்ட்ராக்டு என்னது! திரியக் கொளுத்துனது நான்!"

காடே திரும்பிப் பார்த்தது. என்னை விட்டுவிட்டு, அந்தத் தகரத்தைப் பிடுங்கி அவர் வாயிலேயே அடித்தார்கள். பற்கள் மண்ணில் விழுந்தன. தாடை தொங்கும்வரை கம்பால் அடித்தார்கள். பேசத் தெரிந்த நான் வேலியோரம் நின்று பார்த்தேன். நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

அக்காள் அவர் தாடைக்குத் துணி கட்டிக்கொண்டே, "நீ எங்கடா போயிருந்த?" என்றாள்.

"கூடத்தான் இருந்தேன்க்கா."

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்காளும் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நேற்று மருமகள் கரி அள்ளும்போது, "எப்படி மாமா இம்புட்டு நசுங்குச்சு?" என்று கேட்டாள்.

"கீழ விழுந்துச்சும்மா" என்றேன். யார் கேட்டாலும் உடனே பதில் சொல்ல எனக்கு எப்போதும் வரும்.