வயலோரத்துத் தொலைபேசி

மீசையை மழித்துத் தாடியை மட்டும் விட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் தாடியைத் தடவிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அமெரிக்காவில், வீட்டுக்குள் தொலைபேசி வைக்காத அமிஷ் மக்களின் ஊருக்கு நானும் மனைவியும் போனபோது எங்களுக்கு அறை தந்த விவசாயி அவர். எங்கள் பிள்ளைகள் இருவரும் ஒஸ்லோவில் தனியே. என் கைபேசியில் சிக்னல் இல்லை. மறுநாள் மதியத்துக்குள் என் கற்பனையில் ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா பகுதியில் இருக்கும் எங்கள் வீடு மூன்று தரம் எரிந்துவிட்டது.

சாப்பாட்டு மேசையில் அவர் குடும்பமே தலை குனிந்து மௌனமாகச் செபித்துக்கொண்டிருந்தது. நான் எழும்பி, "தொலைபேசி எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். மனைவி என் காலை மிதித்தாள்.

அவர் செபத்தை முடித்து, வயலோரத்தில் இருந்த தொலைபேசிக் கொட்டிலுக்கு என்னைக் கூட்டிப்போனார். மகள் எடுத்தாள்.

"அப்பா, நாங்கள் சாப்பிடுறம். பிறகு எடுங்கோ." வைத்துவிட்டாள்.

"என்னவாம்?" என்றார் அவர்.

"சாப்பிடுகிறார்களாம்."

தாடியைத் தடவினார். "நல்லது. நாங்களும் போய்ச் சாப்பிடுவோம்."

குத்திக் காட்டினாரா, உண்மையிலேயே பசித்ததா, இன்னும் எனக்கு விளங்கவில்லை. திரும்பி வந்தால், ஒருவரும் கரண்டியைத் தொட்டிருக்கவில்லை. ஆறிப்போன சூப்பைத் தலை நிமிராமல் குடித்து முடித்தேன். ஊர் திரும்பியதும் மனைவி இதையெல்லாம், தாடி தடவலோடு, பிள்ளைகளுக்கு நடித்தே காட்டிவிட்டாள்.

போன ஞாயிறு எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடும்போது என் கைபேசி அடித்தது.

"எடுங்கோ அப்பா, நாங்கள் காத்திருக்கிறம்," என்றாள் மகள்.

மனைவியும் மகனும் சோற்றிலிருந்து கையை எடுத்தார்கள். பிறகு மூவரும் இடக்கையால் ஒருமிக்கத் தாடையைத் தடவினார்கள்.