வெயிலில் வைத்த தண்ணீர்

கோவில்பட்டி வெயிலைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் சொல்லப்போகிறேன். அந்த வெயிலுக்காக நான் ஒரு வளவு முழுவதையும் பகைத்துக்கொண்டேன். குடியிருந்த வீட்டையும் விட்டேன். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. மழை பொய்த்த வருடங்கள். ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வளவில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். நடுவில் முற்றம், சுற்றிலும் ஒற்றை அறை வீடுகள், மேலே எல்லோருக்கும் பொதுவான மொட்டைமாடி. பகலில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குவோம், வீட்டுக்கு வந்து பெட்டி ஒட்டுவோம். வளவில் எல்லாப் பெண்களுக்கும் இதே பிழைப்புதான். ஒட்டிய பெட்டிகள் மாடியில் காயும். வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். வளவின் ஓரத்து அறையில் அவருடைய குச்சி மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்கும். அதற்குப் பயந்து முற்றத்தில் யாரையும் விறகடுப்பு மூட்ட விடமாட்டார்.

தண்ணீர்க் கதையைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒருநாள் குழாயில் தண்ணீர் வந்தால் எங்கள் தெருவுக்கு அன்றைக்குத் தீபாவளி. வருகிற தண்ணீரும் மேலே ஏறாது. அதனால் வாசலில் ஆள் இறங்குகிற ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயைக் கீழேயே வெட்டி, குழிக்குள் உட்கார்ந்து போணியால் மொண்டு மேலே கொடுப்போம். குழியை ஒட்டியே சாக்கடை ஓடும் வாறுகால். தண்ணீர் வராத நாளெல்லாம் அந்தக் குழிக்குள் என்னென்ன ஊறியதோ, எல்லாம் சேர்ந்து எங்கள் குடத்துக்கு வந்தது. குடத்தின் வாயில் வேட்டித் துணியைக் கட்டி வடிகட்டுவோம். துணியில் கரிசல் மண் நிற்கும், சமயத்தில் புழு நிற்கும். அதை உதறிப் போட்டுவிட்டு, அழுக்கெல்லாம் போயிற்று என்று மனதாரக் குடிப்போம்.

ஒரு கோடையில் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஆபீசில் என் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கியவள். அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், கடைசியில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். தாயும் திரும்பவில்லை, பிள்ளையும் திரும்பவில்லை. இது குடிக்கிற தண்ணீரால் வருவது, மற்றவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள், மாசமாக இருக்கிறவளுக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் அவள் புருஷனிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் மூன்று சக்கர வண்டியில் தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிறவர். முற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி டாக்டர் சொன்னதை ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் அதிகம் பேசவில்லை. வளவில் வடிகட்டும் துணியை இரண்டாக மடித்துக் கட்டினார்கள், அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த கோடையில் என் அக்கா மாசமாக இருந்தாள். அவளை எப்போதும்வென்றான் என்கிற ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள்.

"இங்கன வேண்டாம்மா. அங்கனயே இருக்கட்டும்," என்றேன்.

"ஏட்டி, ஊர் ஒலகத்துல இல்லாததையா சொல்லுதேன்? மொதப் பேறுகாலத்தை மாமியா வீட்டுலயா பாப்பாவ?"

"அடுத்த வீட்டுப் பிள்ளையும் இதே தண்ணியத்தாம்மா குடிச்சா."

 அம்மா பிடித்த பிடியில் அக்கா வந்துவிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்தவள் கேட்ட முதல் வார்த்தை, "ஒரு சொம்பு தண்ணி குடு."  ஓடிப்போய்க் கடையில் சோடா வாங்கி வந்தேன். பேறுகாலம் வரைக்கும் இவள் வாயில் அந்தக் குழித் தண்ணீர் அப்படியே படக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கொதிக்க வைத்தால் தீர்ந்தது என்பீர்கள். எதை வைத்து? ரேஷன் மண்ணெண்ணெய் சோறு பொங்கவே பாதி மாதம் தாண்டாது. விறகு மூட்ட அண்ணாச்சி விடமாட்டார். அந்தச் சமயத்தில்தான் பால்வாடியில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஏதோ சேவைக் குழுவிலிருந்து வந்த ஒரு பெண், கண்ணாடி மாதிரி தெளிந்த பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். தெளிய வைத்த தண்ணீரை இதில் நிரப்பி, மூடி, காலையிலிருந்து பொழுது சாயும் வரை நல்ல வெயிலில் படுக்க வைத்தால் நோய்க் கிருமி செத்துப்போகும் என்றார். மேகமாக இருந்தால் இரண்டு நாள் கிடக்க வேண்டும், பாட்டிலின் அடிப்பக்கம் கறுப்பு பெயிண்ட் அடித்தால் சூடு கூடும் என்றார். பெண்கள் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வடகம் காயப்போடுவோம், வத்தல் காயப்போடுவோம், தண்ணீரையும் காயப்போடச் சொல்லுகிறாள் என்று திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே கேலி. நான் சிரிக்கவில்லை. செலவில்லாமல் அந்த ஊரில் கிடைப்பது வெயில் ஒன்றுதான், அதையாவது வாங்கிப் பார்ப்போமே என்று நினைத்தேன்.

கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கலர் சோடா குடித்துவிட்டுப் போட்ட பெரிய பாட்டில்கள் குவிந்து கிடக்கும். பொறுக்கி வந்து சீயக்காய் போட்டுக் கழுவினேன். குடத்துக்குள் தேத்தாங்கொட்டையை உரசித் தண்ணீரைத் தெளிய விட்டு, மேல்தண்ணீரை மட்டும் வடிகட்டி நிரப்பினேன். பெயிண்ட் அடிக்கவில்லை. இந்த ஊருக்குச் சூடு கூட்ட பெயிண்ட் வேறு எதற்கு என்று விட்டுவிட்டேன். மாடியில் பெட்டிகள் காயும் இடத்துக்குப் பக்கத்தில் பாட்டில்களைப் படுக்க வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் அண்ணாச்சி மாடியேறி வந்தார்.

"இது யாரு வேலை?"

"நாந்தான் அண்ணாச்சி. அக்காவுக்குக் குடிக்க."

"தண்ணி நெறைஞ்ச பாட்டில் பூதக்கண்ணாடி மாதிரி. வெயில ஒரே எடத்துல குமிச்சிரும். பெட்டி காயுத எடத்துல கொண்டாந்து வைக்குதியே, வளவைக் கொளுத்தணும்னு இருக்கியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தண்ணியில இருந்து தீ வருமா? நல்லாக் கேட்டுக்கோங்க எல்லாரும்," என்று கத்தினேன். கத்தியது போதாதென்று, "தீ வர வச்சுத்தான் காட்டுங்களேன்," என்றும் சொல்லிவிட்டேன். பெண்கள் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். அடுத்த வீட்டு வண்டிக்காரரும் வந்து படியோரம் நின்றார்.

அண்ணாச்சி பாட்டில் பக்கத்தில் குந்தினார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியை உருவினார். பாட்டிலின் தோள்பட்டை உருண்டையாக இருக்கும் இடத்தைச் சூரியனுக்குத் திருப்பினார். தரையில் பளிச்சென்று ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்தது. குச்சியின் மருந்தை அந்தப் பொட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். சுர்ரென்று குச்சி பற்றிக்கொண்டது.

பெண்கள் அலறிவிட்டார்கள். ஒருத்தி ஓடிப்போய்த் தன் பெட்டிகளை வாரிக்கொண்டாள். தீ என்றால் என்ன என்று அந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கை வெந்தவர்களும் முகம் வெந்தவர்களும் இல்லாத தெரு கிடையாது.  மனிதர் சொன்னது சரிதான். ஆனால் சரி என்று இறங்கிவிட்டால் அக்காவுக்கு எந்தத் தண்ணீரைக் கொடுப்பது?

"அப்ப நல்லதாப் போச்சு அண்ணாச்சி," என்றேன்.  "குச்சியக் கொளுத்துத வெயிலு, தண்ணிக்குள்ள இருக்க கிருமியக் கொல்லாதா? நீங்கதான் இப்ப எல்லாருக்கும் காட்டித் தந்திருக்கீங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. "வாய்க்கொழுப்பா? நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு."

"பண்ணுதேன். மாசமா இருக்கவள வச்சுக்கிட்டு வீடு மாறக்கூடாதுன்னு நீங்கதானே எங்க அம்மாகிட்ட சொன்னீங்க? இப்ப நீங்களே வாயும் வயிறுமா இருக்கவளத் தெருவுல எறக்கி விடுதீங்களா?"

எனக்கு அந்தச் சாஸ்திரத்தில் ஒரு நம்பிக்கையும் கிடையாது. அவருக்கு இருந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் கேட்டேன். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பிள்ள பொறந்து தீட்டு கழிஞ்ச மறுநாள் நீங்க இங்கன இருக்கக்கூடாது. அதுவரைக்கும் இந்தச் சனியன் இந்த மாடியில இருக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மாடியில்தானே கூடாது? வளவுக்குப் பின்னால் கக்கூசுக்கு மேலே ஒரு தகரக் கூரை இருந்தது. மூட்டை அறைக்கும் அதற்கும் நல்ல தூரம். பால்வாடிக்கு வந்த பெண் சொன்ன கறுப்பு பெயிண்ட் அப்போதுதான் உறைத்தது. அடிப்பக்கம் கறுப்பாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவிக் கீழே விழாது, பொட்டும் விழாது. சைக்கிள் கடையில் மிச்சம் கிடந்த பெயிண்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு பக்கம் மட்டும் அடித்தேன். காய்ந்ததும் தகரத்தின் மேல் கறுப்புப் பக்கம் கீழே இருக்கப் படுக்க வைத்து, அடியில் ஒரு குச்சியையும் வைத்துவிட்டு, அண்ணாச்சியைக் கூப்பிட்டு நிற்க வைத்தேன். பாவம், வெயிலில் நெடுநேரம் நின்றார். குச்சி அப்படியே இருந்தது.

"இன்னைக்கு எரியல. நாளைக்கு?" என்றார். போய்விட்டார். காலி பண்ணச் சொன்ன பேச்சை அவரும் மாற்றவில்லை, நானும் கெஞ்சவில்லை.

அதற்குப் பிறகு அக்காவுக்கு அந்தத் தண்ணீர்தான். சாயங்காலம் இறக்கும்போது பாட்டிலைக் கையால் தொட முடியாது. ஈரத் துணியைச் சுற்றி வைத்தாலும் வெதுவெதுப்பு போகாது. "குளிக்க வச்ச வெந்நியக் குடிக்கக் குடுக்கா பாரு," என்று அக்கா தினமும் புலம்புவாள். "குடிக்குதியா, மூக்கைப் பிடிச்சு ஊத்தவா?" என்பேன். கக்கூசுக்கு மேலே காய்ந்த தண்ணீர் என்று வளவுப் பெண்கள் மூக்கைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று விட்டேன். பங்குனி முடிவதற்குள் வளவில் இரண்டு வீட்டில் கண் மஞ்சளாகிப் படுத்துவிட்டார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. தினமும் விடிந்ததும் அக்காவை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். "எங்கண்ணை நோண்டியே குருடாக்கிருவ நீ," என்று கையைத் தட்டிவிடுவாள். வெள்ளையாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

சித்திரை வெயிலில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நன்றாக இருந்தார்கள். பாட்டில் தண்ணீர் இல்லாவிட்டாலும் நன்றாகத்தான் இருந்திருப்பாள் என்று பின்னாளில் என்னிடம் சொன்னவர்கள் உண்டு. இருக்கலாம். மாசமாக இருக்கிற உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் குழித் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன். குழாயில் நல்ல தண்ணீர் விடவேண்டியது அதற்கென்று இருக்கிறவர்கள் வேலை. அவர்கள் அதைச் செய்திருந்தால் நான் ஏன் கக்கூஸ் கூரையில் ஏறப்போகிறேன்?

வீடு தேட ஆரம்பித்தோம். அந்த ஊரில் எல்லோரும் நிழல் விழுகிற வீடாகப் பார்ப்பார்கள். நான் போன இடத்திலெல்லாம் மாடியில் எத்தனை மணி வரைக்கும் வெயில் நிற்கும் என்று கேட்டேன். ஒரு வீட்டுக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெயிலுக்கு என்னம்மா கொறச்சல்? பொழுதன்னைக்கும் கொளுத்தும்," என்றார்கள். அந்த வீட்டையே பிடித்தோம்.

தீட்டு கழிந்த மறுநாள் சாமான்களை ஏற்ற அடுத்த வீட்டுக்காரர் தன் வண்டியைக் கொண்டுவந்தார். வாடகை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பானை சட்டி, பாய், தொட்டில் கம்பு எல்லாம் ஏறிவிட்டன. நான் தகரக் கூரையிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தேன். அக்கா பிள்ளையை முந்தானைக்குள் மூடி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் கடைசிப் பாட்டிலைக் கையில் வாங்கி, பெயிண்ட் இல்லாத பக்கத்தைத் திருப்பி, உள்ளே இருந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார்.

"போன வருசமும் இதே வெயிலுதானம்மா அடிச்சுது," என்றார்.

நான் கூரையிலிருந்து இறங்கி வந்து கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அந்தப் பாட்டிலை மற்றவற்றோடு சாய்த்து வைத்துவிட்டு, கயிற்றை இழுத்துக் கட்டினார்.