சனிக்கிழமை முழுக்கு

தாட்சாயினி இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் தாதியாக இருந்தவர். இப்போது கிளிநொச்சிப் பக்கத்தில், வீட்டில் இருந்தபடி இரத்த நாளத்தில் மருந்து ஏற்றும் நோயாளரைப் போய்ப் பார்க்கிறார். கையில் செருகிய மருந்துக்குழாய் தோலுக்கு வெளியே எவ்வளவு நீளம் தெரிகிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்து கொப்பியில் எழுதுவார்.

வட்டக்கச்சி வீரபாகுவுக்கு நீரிழிவுப் புண் பாதத்தின் எலும்புவரை போயிருந்தது. ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாளும், மருந்து தவறாமல் ஏறினால்தான் பாதம் தப்பும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தினமும் ஏற்றியவர் மனைவி அருந்ததி. சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, குழாயின் வாயை ஸ்பிரிட் துண்டால் தேய்த்து, அது காயும்வரை உதட்டுக்குள் எண்ணுவார்.

நாலாம் கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாட்சாயினி போனபோது குழாயைப் பிடித்திருந்த ஒட்டுப்பட்டையின் ஓரம் கிளம்பி நின்றது. அளந்தார். இரண்டு சென்ரிமீற்றர் இருக்கவேண்டிய இடத்தில் ஆறு; குழாய் வெளியே நழுவியிருந்தது.

"இண்டைக்கு மருந்து ஏத்தினனீங்களோ அக்கா?"

"இல்லை மிஸ். பட்டை கிளம்பியிருக்க, நீங்கள் வரட்டுமெண்டு இருந்தனான்."

"நல்லது. தண்ணி பட்டதோ?"

"சத்தியமா இல்லை. கையைச் சொப்பிங் பையால சுத்திக் கட்டிப்போட்டுத்தான் முழுக வாத்தனான்."

வீரபாகு கதிரையில் இருந்து சிரித்தார். "நேற்றுச் சனியெல்லோ. அரைப் போத்தல் நல்லெண்ணெய் ஊத்தினவா. கையெல்லாம் வழிஞ்சது. என்னைப் பொரிக்காத குறை!"

அருந்ததியின் முகம் சுருங்கியது. "மருந்து உடம்புக்குச் சூடெண்டுதான் எண்ணெய் வச்சனான்... தண்ணி படக்கூடாதெண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம், அதைத்தான் சொன்னனான்."

தாட்சாயினி கொப்பியைப் புரட்டினார். படக்கூடாதவையாகத் தண்ணீர், வியர்வை, வயல் சேறு என்று எல்லாம் எழுதியிருந்தது. எண்ணெய் இல்லை. அது ஒட்டுப்பட்டையின் பசையை இளக்கும் என்று தெரிந்தவர் அவர்தான்.

"பிழை என்ரைதான், அக்கா," என்று சொல்லி எண்ணெயையும் எழுதிக்கொண்டார்.

கிருமி போய்விடும் என்று குழாயை உள்ளே தள்ளிப் பார்க்கவில்லை. இருந்தபடியே ஒட்டி, வீரபாகுவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எக்ஸ்ரேயில் குழாயின் முனை இடம் மாறியிருந்தது. மற்றக் கையில் புதிய குழாய் போட்டார்கள். பின்னேரம் மருந்து ஏறியது. அந்த நாளும் தவறவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் வீரபாகு காய்ந்த தலையோடு முணுமுணுத்தார். ஆறு கிழமை முடிய, பாதத்தை வெட்டத் தேவையில்லை என்று வைத்தியர் சொன்னார். தாட்சாயினி குழாயைக் கழற்றி, அந்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தார்.

"இனி முழுகலாமோ மிஸ்?"

"இந்த ஓட்டை மூடட்டும்."

"அப்ப வாற சனி?"

குசினிக்குள் இருந்து அருந்ததி கத்தினார். "மிஸ் சொல்லாமல் எண்ணெய்ப் போத்தல் அலுமாரியை விட்டு வெளியால வராது!"